அம்மாவின் சுருக்கத்தை அழிக்காத படக்கடை

அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வேண்டுமே என்று முதலில் ஒரு டிஜிட்டல் கடைக்குத்தான் போனேன். எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை. அரை மணி நேரத்தில் கொடுத்துவிட்டார்கள், வேகத்தில் குறையே இல்லை, ஆனால் படத்தைப் பார்த்த அண்ணன் "யாருடி இது?" என்றான். 71 வயதுக்காரிக்கு மாவு பூசிய மாதிரி முகம், கண்ணுக்குக் கீழே ஒரு கோடு கிடையாது, பின்னால் நீல வானம், போதாக்குறைக்குப் பட்டுப்புடவை வேறு.

அப்புறம் சித்தி சொல்லித்தான் பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், லெபோ பசார் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில், கரியால் படம் வரையும் இந்தப் பெரியவரைத் தேடிப் போனேன். ஒரே ஆள் வரைகிறேன், பெயரைப் போட்டுவிடாதே என்றார், அதனால் போடவில்லை. மாலைக் கடைகளில் விசாரித்துப் பாருங்கள்.

கடை என்றால் ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு காற்றாடி. கரித்தூள் பறக்கும் என்று அதையும் பாதி நேரம் நிறுத்தித்தான் வைத்திருக்கிறார், வியர்த்துக் கொட்டும். ஏழெட்டுப் படம் கொண்டுபோயிருந்தேன். அடையாளக் கார்டு படத்தைப் பார்த்ததுமே தள்ளிவிட்டார்: "ஐசி படத்துல யாரும் உயிரோட இருக்கிறதில்லைம்மா." அவர் எடுத்தது போன தீபாவளிக்கு முன்னால் அம்மா முறுக்குப் பிழியும்போது என் கைப்பேசியில் எடுத்தது, சிகிச்சையில் கன்னம் ஒட்டிப்போன நேரம். கன்னத்தை நிரப்பட்டுமா என்று கேட்டார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வேண்டாம் அங்கிள் என்றேன். சுவரில் ஒட்டியிருந்த டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் படத்தைக் காட்டினார். "1669ல தன்னையே வரைஞ்சது. அந்த வருஷமே ஆளு போயிட்டாரு. மூக்கைப் பாருங்க." பெரிய, வீங்கின மூக்கு. ஒளித்துவைக்கவே இல்லை மனுஷன்.

படத்தின் மேல் கட்டம் போட்டு, காகிதத்திலும் அதே கட்டம் போட்டு வரைகிறார். எனக்குப் புதிதாக இருந்தது சுருக்கத்துக்கு அவர் செய்த வேலை. முதலில் முகம் முழுக்க நிழலைப் பூசிவிடுகிறார், பிறகு விரலால் பிசைந்து கூராக்கிய ரப்பரை வைத்து வெளிச்சத்தை ஒற்றி ஒற்றி எடுக்கிறார், எடுக்காமல் விட்டதுதான் சுருக்கம். 22 வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவரின் முகம் ரப்பரால் வெளியே வந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வழக்கமாக மார்பளவோடு நிறுத்துவாராம். இதில் முறுக்கு உரலைப் பிடித்த கையையும் போட்டிருக்கிறார், இடது ஆள்காட்டி விரலில் பால்வெட்டுக் கத்தி பட்ட தழும்போடு.

குறைகள் உண்டு. இரண்டு வாரம் என்றவர் ஐந்து வாரம் ஆக்கினார், ஆக காரியத்தில் அந்த மாவு முகத்துக்குத்தான் மாலை போட்டோம். வாங்கப் போன அன்றும் ஒரு மணி நேரம் கழித்து வா என்றார். சரி என்று லெபோ ஆர்மேனியன் தெரு வரைக்கும் நடந்தேன். 2012இல் லிதுவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஸகாரெவிச் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் சுவரோவியத்துக்கு முன்னால் இன்னும் வரிசை நிற்கிறது. சைக்கிள் நிஜ சைக்கிள், பிள்ளைகள் மட்டும் சாயம், வெயிலிலும் மழையிலும் மங்கிவிட்டார்கள். வரைந்த புதிதில் அம்மாவும் நானும் அங்கே நின்று எடுத்த படம் வீட்டில் இருக்கிறது. அதில் சாயமும் பளிச்சென்று இருக்கும், அம்மாவும் புசுபுசுவென்று இருப்பார்.

விலை 350 வெள்ளி (ரிங்கிட்), சட்டம் தனியாக 80. கரி லேசில் மங்காது, காகிதம்தான் பழுக்கும், பினாங்கு ஈரத்துக்குப் பூசணம் பிடிக்கும் என்று படம் கண்ணாடியைத் தொடாதபடி நடுவில் அட்டை வைத்துக் கட்டித் தருகிறார். குளியலறைச் சுவரில் மாட்டாதீர்கள். கண்ணாடி சாதாரணம்தான், ஜன்னல் வெளிச்சம் அடிக்கிறது.

சித்திக்கு மட்டும் ஒரு குறை, பொட்டு கோணலாக இருக்கிறதாம், திருத்தச் சொல் என்கிறார். கண் மங்கின பிறகு அம்மா கண்ணாடி பார்க்காமல் தடவித் தடவி வைத்துக்கொண்ட பொட்டு அது, அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டேன்.