புது ஒப்பந்தம், புது பென்ஷன்: ஒரு விமான மெக்கானிக்கின் மதிப்பீடு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சம்பளப் பகுதிக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண், வேலை வெளியே போகாமல் தடுக்கும் பகுதிக்கு இரண்டு, பென்ஷன் பகுதிக்கு இப்போதைய வடிவில் ஒன்றரை. என் ஓட்டு ‘வேண்டாம்’ என்பதற்குத்தான். நிறுவனத்தின் பெயரும் சங்கத்தின் பெயரும் இங்கே தேவையில்லை. அமெரிக்காவில் ஏ அண்ட் பி லைசன்ஸ், அதாவது விமான உடலையும் இன்ஜினையும் பழுதுபார்க்கும் மெக்கானிக் உரிமம், வைத்துக்கொண்டு ஏர்லைன் ஹேங்கரில் வேலை பார்க்கும் யாருக்கும் இதே மாதிரி ஒரு டிஏ என்றாவது கைக்கு வரும். இரு தரப்பும் பேசி ஒத்துக்கொண்டு, உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டால்தான் செல்லும் என்ற நிலையில் இருக்கிற ஒப்பந்தத்தைத்தான் டிஏ என்கிறோம். மாதாமாதம் சந்தா கட்டி நாம் வாங்குகிற பொருள் இதுதான், அதனால் காசு கொடுத்து வாங்கும் எதையும் போல இதையும் பிரித்துப் பார்த்துப் பேசலாம் என்பது என் எண்ணம்.

சம்பளத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நன்றாகவே வந்திருக்கிறது. டாப் ரேட், அதாவது உச்ச மணிச் சம்பளம், மற்ற பெரிய ஏர்லைன்களுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, லைசன்ஸுக்கான கூடுதல் தொகையும் ஓடுதளப் பக்கம் நிற்கும் விமானங்களில் செய்கிற லைன் வேலைக்கான கூடுதல் தொகையும் ஏறியிருக்கின்றன, இரவு ஷிப்டுக்கான கூடுதல் தொகையும் பரவாயில்லை. ஒரு மதிப்பெண் குறைத்ததற்குக் காரணம் ரெட்ரோ, அதாவது பழைய காலத்துக்கான நிலுவைச் சம்பளம். பேச்சுவார்த்தை இழுத்த காலத்துக்கு முழு நிலுவை தராமல் எல்லோருக்கும் ஒரே அளவு போனஸ் என்று போட்டுவிட்டார்கள். ரெட்ரோ என்றால் நாம் உழைத்த மணிக்கணக்குப்படி வரும், ஓவர்டைமும் அதில் சேரும். சமமான போனஸில் வார இறுதியெல்லாம் ஹேங்கரில் கிடந்தவருக்கும் மற்றவருக்கும் ஒரே தொகைதான். அந்த போனஸுக்கு 401கே, அதாவது நம் பெயரில் இருக்கும் ஓய்வுக்கால முதலீட்டுக் கணக்கு, அதற்கான நிறுவனப் பங்களிப்பு கணக்கிடப்படுமா என்பதையும் ஒப்பந்த வரிகளில் தேடிப் பாருங்கள், சுருக்கப் புத்தகத்தில் அது இருக்காது.

அடுத்தது ரோட்ஷோ, அதாவது சங்கத்திலிருந்து ஆட்கள் வந்து ஒப்பந்தத்தை விளக்கிய கூட்டம். இதையும் ஒரு சேவையாகவே மதிப்பிடுகிறேன். வந்தவர்கள் மரியாதையாகப் பேசினார்கள், ஷிப்ட் முடிந்து களைப்போடு வந்தவர்களுக்காகத் திரும்பத் திரும்ப நடத்தினார்கள், அதற்கு நன்றி. ஆனால் சம்பள அட்டவணைக்குப் பக்கம் பக்கமாக நேரம் போனது. வாழ்நாள் முழுக்கத் தொடரப்போகிற பென்ஷனுக்கு ஒரே ஒரு ஸ்லைடு. ‘இந்தத் தொகையைப் பின்னால் யார் குறைக்க முடியும்?’ என்று ஒருவர் கேட்டார். அறையிலேயே முக்கியமான கேள்வி அதுதான். ‘அறங்காவலர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்று ஒரு வரியில் பதில் வந்தது. அந்த அறங்காவலர் குழுவில் பாதிப் பேர் சங்கத் தரப்பு, பாதிப் பேர் நிறுவனங்களின் தரப்பு, 1947-ம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே விதி அப்படித்தான். நம்மை நேரடியாகக் கேட்காமலேயே அவர்கள் திட்டத்தின் விதிகளை மாற்றலாம் என்பதை ஏன் நேராகச் சொல்லக் கூடாது? சொன்னால் ஓட்டு குறையும் என்ற பயமா என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை.

சரி, பென்ஷனுக்கு வருவோம், இங்கேதான் ஹேங்கரே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. இப்போது நிறுவனம் நம் 401கே கணக்கில் போடுகிற பணத்தில் பெரும் பகுதியை நிறுத்திவிட்டு, அதை ஒரு பல நிறுவனப் பென்ஷன் திட்டத்துக்கு அனுப்பப் போகிறார்கள். நாம் வேலை பார்க்கிற ஒவ்வொரு மணிக்கும் இத்தனை டாலர் என்று அந்தத் திட்டத்துக்குப் போகும். பதிலுக்கு ஒவ்வொரு வருட சேவைக்கும் ஓய்வுக்காலத்தில் மாதம் இத்தனை டாலர் என்று சேரும். பழைய சேவைக்கு எதுவும் இல்லை, கணக்கு ஒப்பந்தம் அமலாகும் நாளிலிருந்துதான் தொடங்குகிறது.

கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று மணிக்கு 2 டாலர் என்று வைத்துக்கொள்கிறேன். வருடத்துக்கு 2,080 மணி நேரம் என்றால் 4,160 டாலர் போகிறது. அதற்கு ஈடாக 65 வயதில் மாதம் 40 டாலர் பென்ஷன் சேர்கிறது என்று வையுங்கள். இந்த 40 டாலர் 57 வயது லீட் மெக்கானிக்குக்கும் அதேதான், 31 வயதுப் பையனுக்கும் அதேதான். ஆனால் அந்த 4,160 டாலர் 401கே கணக்கில் கிடந்து ஆண்டுக்கு 5 சதவீதம் வளர்ந்தால், 57 வயதுக்காரருக்கு எட்டு வருடத்தில் சுமார் 6,146 டாலர் ஆகும். 31 வயதுக்காரருக்கு 34 வருடத்தில் சுமார் 21,854 டாலர். அதாவது ஒருவர் ஆறாயிரம் டாலரைக் கொடுத்து வாங்குவதை இன்னொருவர் இருபத்தோராயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்குகிறார். சீனியர்கள் ஏன் ‘ஆமாம் என்று ஓட்டுப் போடு’ என்கிறார்கள், இளையவர்கள் ஏன் முகத்தைச் சுளிக்கிறார்கள் என்பது இந்த ஒரு கணக்கிலேயே தெரிந்துவிடும். இதில் யாரும் கெட்டவர் இல்லை, இரண்டு பேரும் அவரவர் வயதுக்குச் சரியாகத்தான் கணக்குப் போடுகிறார்கள்.

பென்ஷன் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். அது சாகும்வரை வரும். கல்யாணமானவர் என்றால், கணவனோ மனைவியோ எழுதிக் கொடுத்து விட்டுக்கொடுக்காத வரைக்கும், நமக்குப் பிறகு அவர்களுக்கு ஒரு பங்கு தொடரும் என்று சட்டமே சொல்கிறது. சந்தை விழுந்தால் தூக்கம் போகாது. 2008-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒரே வருடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்ததே, ஓய்வு பெறும் தறுவாயில் 401கே மட்டும் வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டைப் பார்த்த சீனியர்கள் இன்னும் நம்மோடு வேலை பார்க்கிறார்கள். இறக்கைக்கு அடியிலும் வீல் வெல்லுக்குள்ளும் முப்பது வருடம் குனிந்து வேலை பார்த்த முழங்காலும் முதுகும் வைத்திருப்பவரிடம் ‘முதலீடு செய், காத்திரு’ என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. மாதாமாதம் வருகிற உறுதியான காசு என்றால் அவர்கள் கண்ணில் வரும் நிம்மதி உண்மையானது.

ஆனால் ‘உறுதியான’ என்பதைத்தான் சோதிக்க வேண்டும். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு யுனைடெட் கதை தெரியாமல் இருக்காது. 2002 டிசம்பரில் திவால் பாதுகாப்புக்குப் போன நிறுவனம், 2005-ல் மெக்கானிக்குகள் உட்பட எல்லோருடைய பென்ஷன் திட்டங்களையும் கைகழுவி, பிபிஜிசி என்ற அரசுக் காப்பீட்டு நிறுவனத்தின் தலையில் வைத்தது. திட்டங்களில் இருந்த பற்றாக்குறை 9.8 பில்லியன் டாலர், பிபிஜிசி ஏற்றது 6.6 பில்லியன். மீதி 3.2 பில்லியன் தொழிலாளிகளும் ஓய்வு பெற்றவர்களும் இழந்தது. அந்த வருடம் 65 வயதில் ஓய்வு பெறுபவருக்கு பிபிஜிசி தரும் உச்ச வரம்பு ஆண்டுக்குச் சுமார் 45,600 டாலர், 60 வயது என்றால் அதில் 65 சதவீதம்தான். சீக்கிரம் ஓய்வு பெறுகிற நம் தொழிலில் இந்த வயதுக் கழிவு எவ்வளவு வலிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

‘அது ஒரே நிறுவனத்தின் திட்டம், இது பல நிறுவனங்கள் சேர்ந்தது, அதனால் பத்திரமானது’ என்று ரோட்ஷோவில் சொன்னார்கள். பாதி சரி. நம் ஏர்லைன் திவாலானாலும் திட்டம் மற்ற நிறுவனங்களின் பணத்தில் நிற்கும், விலகிப் போகிற நிறுவனமும் தன் பங்குப் பற்றாக்குறையைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்று 1980-லிருந்து சட்டம் இருக்கிறது. ஆனால் திட்டமே திவாலானால்? பல நிறுவனத் திட்டங்களுக்கு பிபிஜிசி தரும் உத்தரவாதம் மிகச் சிறியது. ஒவ்வொரு வருட சேவைக்கும் மாதத் தொகையில் முதல் 11 டாலர் முழுசாக, அடுத்த 33 டாலரில் முக்கால் பங்கு, அதற்கு மேல் எதுவும் கிடையாது. அதாவது வருட சேவைக்கு உச்சபட்சம் 35 டாலர் 75 சென்ட். விலைவாசி ஏறினாலும் இந்த வரம்பு தானாக ஏறாது.

இதை நம் எண்ணில் போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு 40 டாலர் வீதம் 25 வருடம் என்றால் மாதம் 1,000 டாலர் வாக்குறுதி, உத்தரவாதம் 818 டாலர் 75 சென்ட். அது தாங்கக்கூடிய இழப்பு. ஆனால் வருடத்துக்கு 100 டாலர் என்று கொழுத்த எண் காட்டினால் வாக்குறுதி 2,500, உத்தரவாதம் வெறும் 893 டாலர் 75 சென்ட். எண் பெரிதாகப் பெரிதாக அதற்குப் பின்னால் இருக்கும் காப்பு மெலிந்துகொண்டே போகிறது. ஸ்லைடில் பெரிய எண்ணைப் பார்த்துக் கை தட்டியவர்கள் இதைத் தயவுசெய்து ஒருமுறை தாளில் போட்டுப் பார்க்க வேண்டும்.

திவால் என்கிற அளவுக்குப் போக வேண்டியதுகூட இல்லை. 2006 பென்ஷன் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்தத் திட்டங்களை அவற்றின் நிதிநிலையைப் பார்த்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வகை பிரிக்கிறார்கள், சிவப்புதான் மோசமானது. சிவப்புக்குப் போனால் மறுசீரமைப்புத் திட்டம் போட்டே ஆக வேண்டும். அப்போது 65 வயதுக்குரிய சேர்ந்த பென்ஷன் பொதுவாக நிற்கும், ஆனால் முன்கூட்டி ஓய்வு பெறுவோருக்கான சலுகைகளைக் குறைக்கலாம். ஐஏஎம் என்ற மெக்கானிக்குகள் சங்கத்தின் தேசியப் பென்ஷன் திட்டம், ஏர்லைன் தொழிலாளர்கள் நிறையப் பேர் இருக்கிற ஒன்று, 2019-ல் தானாகவே முன்வந்து சிவப்பு நிலையை ஏற்று மறுசீரமைப்பில் இறங்கியது. நோய் முற்றுமுன் மருந்து சாப்பிட்டது என்று அதற்கு ஒரு நியாயம் உண்டு, அதை நான் குறை சொல்லவில்லை. நான் சொல்வது, 58 வயதில் முழங்காலைக் காப்பாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று கணக்குப் போட்டிருக்கும் மெக்கானிக்குக்கு, எளிதில் குறைக்கப்படக்கூடிய பகுதியே அந்த முன்கூட்டிய ஓய்வுதான் என்பதை ஓட்டுக்கு முன்னால் சொல்ல வேண்டும்.

இதோடு சேர்த்துத்தான் ஸ்கோப் பகுதியை, அதாவது வேலை வெளியே போகாமல் தடுக்கும் பகுதியை, படிக்க வேண்டும், பலர் இரண்டையும் தனித்தனியாகப் பேசுகிறார்கள். பென்ஷனுக்குப் பணம் வருவது நம் உழைப்பு மணிகளிலிருந்து. ஹெவி செக், அதாவது விமானத்தைப் பிரித்துப் பார்க்கும் பெரிய பராமரிப்பு வேலை, எல் சால்வடோருக்கோ மெக்ஸிகோவுக்கோ போனால் அந்த மணிகளும் போகின்றன, அந்த மணிக்கான டாலரும் போகிறது. இந்த டிஏவில் இப்போது இருப்பவர்களுக்கு வேலைப் பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் மொத்த வேலையில் எவ்வளவு உள்ளேயே நடக்க வேண்டும் என்ற அளவுகோலில் நிறுவனத்துக்குத் தாராளமான விலக்குகள் விட்டிருக்கிறார்கள். ஓய்வு பெறுகிறவர் இடத்தில் புது ஆள் வராவிட்டால் திட்டத்துக்குப் பணம் தருகிறவர் குறைந்துகொண்டே போவார். இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் தராததற்கு அதுதான் காரணம்.

‘வேண்டாம் என்று ஓட்டுப் போட்டால் எல்லாம் போச்சு, வேலை நிறுத்தம்தான்’ என்று பயமுறுத்துகிறவர்களுக்கு ஒரு பதில். ஏர்லைன்கள் 1936-லிருந்து ரயில்வே தொழிலாளர் சட்டத்தின் கீழ் வருகின்றன. நம் ஒப்பந்தம் காலாவதி ஆவதில்லை, திருத்தத்துக்கு உரிய தேதி மட்டும்தான் வரும். புதியது வரும்வரை பழையதே ஓடும். தேசிய மத்தியஸ்த வாரியம் இரு தரப்பையும் மத்தியஸ்தத்திலிருந்து விடுவித்து, 30 நாள் அமைதிக் காலமும் முடிந்த பிறகுதான் வேலை நிறுத்தம் என்ற பேச்சே வரும். யுனைடெட் மெக்கானிக்குகள் 2016 பிப்ரவரியில் ஒரு ஒப்பந்தத்தைப் பெருவாரியாக நிராகரித்தார்கள், அதே வருடம் டிசம்பரில் வேறொன்றை ஏற்றார்கள். சவுத்வெஸ்ட் மெக்கானிக்குகள் 2018-ல் நிராகரித்து 2019-ல் ஏற்றார்கள். அதற்காக நிராகரிப்பு இலவசம் என்று நான் சொல்லவில்லை, புது சம்பளம் அத்தனை மாதம் தள்ளிப்போகும். வேலை நிறுத்தம் என்றால் 2005 நார்த்வெஸ்ட்டை நினைக்காமல் இருக்க முடியாது. மெக்கானிக்குகளும் துப்புரவுப் பணியாளர்களுமாகச் சுமார் 4,400 பேர் வெளியே வந்தார்கள், நிறுவனம் மாற்று ஆட்களை வைத்தே ஓட்டிவிட்டது, பெரும்பாலோருக்கு வேலை திரும்பவில்லை. நான் கேட்பது திரும்பப் பேச்சுவார்த்தை மேசைக்குப் போங்கள் என்பதை மட்டும்தான்.

அங்கே மாற்ற வேண்டியதும் நிறைய இல்லை. 401கே பங்களிப்பில் கை வைக்காமல் பென்ஷனை அதன் மேல் கூடுதலாகத் தரட்டும், தொகை சின்னதாக இருந்தாலும் சரி, அப்போது என் ஓட்டு உடனே ஆமாம். அது முடியாது என்றால், கழிக்கிற பணத்தில் பாதியாவது 401கே கணக்கில் நிற்கட்டும், ஸ்கோப்பில் இருக்கும் விலக்குகளைச் சுருக்கட்டும். திட்டம் ஒருநாள் சிவப்புக்குப் போய்க் கூடுதல் பங்களிப்பு கேட்டால், அந்தக் கூடுதலை நிறுவனம்தான் தரும், நம் சம்பள உயர்விலிருந்து எடுக்காது என்று ஒரு வரி எழுத்தில் வேண்டும். இப்போதைய வரைவில் அந்த வரி இல்லை. முழுப் பக்கங்களையும் படித்துப் பார்த்தேன்.

ஓட்டு முடிய இன்னும் நாள் இருக்கிறது. சங்கப் பிரதிநிதியிடம் அந்தத் திட்டத்தின் ஆண்டு நிதிநிலை அறிவிப்பைக் கேளுங்கள், சட்டப்படி வருடா வருடம் உறுப்பினர்களுக்கு அனுப்ப வேண்டிய தாள் அது. எந்த நிறத்தில் இருக்கிறது, நிதி எத்தனை சதவீதம், வேலையில் இருப்பவர்கள் எத்தனை, பென்ஷன் வாங்குகிறவர்கள் எத்தனை என்று எல்லாம் அதில் இருக்கும். நாம் இன்னும் அந்தத் திட்டத்தில் சேரவில்லை, அதனால் தர முடியாது என்று சொன்னால் விடாதீர்கள், சேரச் சொல்கிறவர்கள்தான் காட்ட வேண்டும்.