இன்ஃபினிகீ: செத்துப்போன சிபிஎஸ்-2 போர்டுக்கு உகந்த மருந்து

வீடியோ கேம் நிறுவனமான காப்காம் 1993-இல் ‘சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ ஆட்டத்துடன் வெளியிட்ட சிபிஎஸ்-2 ஆர்கேட் போர்டு (காசு போட்டு ஆடும் ஆட்ட இயந்திரத்துக்குள் இருக்கும் சர்க்யூட் பலகை), பேட்டரி தீர்ந்தால் அடியோடு செயலிழக்கும் அமைப்பைக் கொண்டது. போலி போர்டுகளைத் தடுப்பதற்காக ஆட்டத்தின் நிரலை மறையாக்கம் செய்து, அதை அவிழ்க்கும் 20 பைட் சாவியை, அதாவது ஒரு ரகசிய எண்தொகுப்பை, தன் தனிச் சிப்பில், மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே நிலைக்கும் நினைவகத்தில் அந்நிறுவனம் வைத்தது. 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரி இறங்கியதும் சாவி அழிந்துவிடும். அதன்பின் இயந்திரத்தை இயக்கினால் ஒரே நிறத்தில் வெறுந்திரை மட்டுமே வரும். புதிய பேட்டரியைப் பொருத்துவதால் பயனில்லை, ஏனெனில் போன சாவி அதனால் திரும்பாது. ஆட்ட அமைப்புகள்கூட மின்சாரம் இல்லாமலும் தரவை இழக்காத வேறொரு ஈஈப்ராம் சிப்பில் பத்திரமாக இருக்கின்றன. அந்தச் சாவியைக் காப்பதைத் தவிர இந்த பேட்டரிக்கு வேறு வேலையே கிடையாது. நல்ல நிலையில் உள்ள ஒரு போர்டு இதற்காகக் குப்பைக்குப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. அதைத் தடுக்கும் சிறு கருவிதான் இன்ஃபினிகீ.

நெடுங்காலம் இதற்குப் பலரும் நாடிய வழி ‘ஃபீனிக்ஸ்’ எனப்படும் திருத்திய நிரல். மறையாக்கம் நீக்கப்பட்ட அந்த நிரலைப் புதிய ஈப்ராம்களில் (நிரலைப் பதிந்து வைக்கும் சிப்புகளில்) எழுதி, அசல் ஈப்ராம்களைக் கழற்றிவிட்டு அவற்றைப் பொருத்த வேண்டும். ஆட்டம் ஓடும், ஆனால் அது காப்காம் தந்த அதே ஆட்டம் அன்று. 2007-இல் ஆண்ட்ரியாஸ் நைவ், நிக்கோலா சல்மோரியா ஆகியோர் மறையாக்க முறையைக் கண்டறிந்தார்கள். 2016-இல் எடுவார்டோ குரூஸும் அவருடன் உழைத்தவர்களும், சாவியை அசல் சிப்புக்குள்ளேயே மீண்டும் ஏற்றும் வழியைக் கண்டுபிடித்து எல்லோருக்கும் வெளியிட்டார்கள். பழைய ஆர்கேட் இயந்திரங்களைப் பேணுவோருக்கு இதைவிடப் பெரிய கொடை கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆர்டுயினோ என்ற சிறு நிரலாக்கப் பலகையும் சில கம்பிகளும் இருந்தால் வீட்டிலேயே சாவியை ஏற்றிவிடலாம் என்றாலும், ஏற்றிய சாவி நிலைக்க மறுபடி ஒரு பேட்டரி வேண்டும் என்பது அம்முறையின் குறை.

அந்தக் குறையைத்தான் இன்ஃபினிகீ தீர்க்கிறது. ஆட்டத்தின் நிரலும் அந்தத் தனிச் சிப்பும் உள்ள பி போர்டு என்ற பலகையில் நிரந்தரமாக அமரும் இந்தச் சிறு சர்க்யூட், இயந்திரத்தை இயக்கும் ஒவ்வொரு முறையும் உரிய சாவியைச் சிப்புக்கு ஊட்டிவிடுகிறது. பேட்டரிக்கு அங்கே இடமே இல்லை. என்னிடம் உள்ளது 1998-இல் வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஸீரோ 3’, பச்சை உறை கொண்ட ஜப்பானியப் பதிப்பு. பேட்டரியைக் கழற்றி, சுற்றியுள்ள தாமிரத் தடங்களில் அரிப்பு இல்லை என்று உறுதிசெய்துகொண்டு இதைப் பொருத்தினேன். இயக்கியதும் வெறுந்திரை போய், காப்காமின் எச்சரிக்கைத் திரையும் தொடக்கக் காட்சியும் வரிசையாக வந்தன. சாவி ஏற நேரம் பிடிப்பதாகவே தெரியவில்லை. நிரலில் ஓர் எழுத்தும் மாறாமல், அசல் ஈப்ராம்களுடனேயே ஆட்டம் ஓடுவது எனக்கு மிகுந்த நிறைவைத் தருகிறது.

சாலிடர் வேலையில் பழக்கமுள்ளவருக்கு இது கடினமன்று. பழக்கமில்லாதவர் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் பொருத்துவதே நல்லது. ஒரே ஆட்டத்தின் ஜப்பானிய, அமெரிக்கப் பதிப்புகளுக்குச் சாவிகள் வேறுபடுவதால், போர்டு எந்த நாட்டுப் பதிப்பு என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பேட்டரி கசிந்து தடங்களை அரித்திருந்தாலோ, வேறு சிப் பழுதாகியிருந்தாலோ இந்தக் கருவியால் எதுவும் செய்ய முடியாது.

இன்னும் உயிரோடிருக்கும் போர்டுகளுக்கும் இதைப் பரிந்துரைக்கிறேன். பழைய பேட்டரியை மாற்றும்போது சாவி அழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தவறு நேர்ந்தால் போர்டு செத்துவிடக்கூடும். அந்த அபாயத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சந்திப்பதைவிட, கசியக்கூடிய அந்த பேட்டரியையே அகற்றிவிடுவது மேல். முன்பே ஃபீனிக்ஸ் நிரலுக்கு மாற்றப்பட்ட போர்டை வைத்திருப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சாவி வேலை செய்வது மறையாக்கம் உள்ள அசல் நிரலுடன் மட்டுமே. ஆகவே அசல் நிரலை மறுபடி ஈப்ராம்களில் எழுதிப் பொருத்திய பின்னரே இன்ஃபினிகீயை வாங்குவதில் பொருளுண்டு.