தேதி தப்பாகக் காட்டும் கணினி: பேட்டரி மாற்றுவதா, இணைய நேரமே போதுமா?

இடி மழை வந்தாலும் கரண்ட் போனாலும் கணினியின் பிளக்கைப் பிடுங்கிவிடும் வழக்கம் வேலூர் வீடுகளில் உண்டு. நல்ல வழக்கம்தான். ஆனால் மறுநாள் போட்டால் சில கணினிகளில் தேதி பல வருஷம் பின்னால் போயிருக்கும். பிளக் இருக்கும்வரை எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் மின்சாரம் தரும் பெட்டி) தரும் காத்திருப்பு மின்சாரத்தில் உள்கடிகாரம் ஓடும். பிடுங்கிய பிறகு மதர்போர்டில் (கணினியின் முதன்மைப் பலகையில்) உள்ள சிஆர்2032 வட்ட பேட்டரிதான் அதை ஓட்டவேண்டும்.

இணையத்திலிருந்து நேரத்தை எடுத்துத் திருத்திக்கொள்ளும் இணைய நேரத்துக்குக் காசு செலவில்லை. செட்டிங்ஸில் தேதி, நேரம் பகுதிக்குப் போய் 'சிங்க் நவ்' அழுத்தினால் முடிந்தது. வாரத்துக்கு ஓரிரு நொடி பிசகும் கடிகாரத்துக்கு இதுவே தாராளம். பேட்டரி செத்த கணினிக்கு இதை நம்பாதீர்கள். அலுவலக நெட்வொர்க்கில் சேராத தனிக் கணினியில் வித்தியாசம் 15 மணி நேரத்தைத் தாண்டினால், இயல்பான அமைப்பில் விண்டோஸ் தானாகத் திருத்துவதில்லை. தேதி வருஷக்கணக்கில் பின்தங்கினால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாமல் போய், பேங்க் தளம்கூடத் திறக்காது.

எது கோளாறு என்று முதலில் பாருங்கள். நேரத்தைச் சரிசெய்து, அணைத்து, பிளக்கைப் பிடுங்கி ஒரு மணி நேரம் விடுங்கள். திரும்பப் போட்டு, விண்டோஸுக்குப் போகுமுன் பயாஸில் (மதர்போர்டின் சொந்த அமைப்புத் திரையில்) நேரம் பாருங்கள். பின்தங்கியிருந்தால் பேட்டரிதான். மல்டிமீட்டரில் (வோல்ட் அளக்கும் கருவியில்) புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும், 2.8க்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள்.

மாற்றுமுன் பயாஸ் அமைப்புகளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அவை அழியலாம். பிட்லாக்கர் (விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் வசதி) இருந்தால் மீட்புச் சாவியும் கையில் இருக்கட்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகு பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தி, கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு, கிளிப்பை மெல்லத் தள்ளுங்கள். பேட்டரி தானே எழும்பும். எழுத்துள்ள கூட்டல் பக்கம் மேலே வரவேண்டும். சிஆர்2025 வாங்காதீர்கள்: விட்டம் அதே 20 மில்லிமீட்டர்தான், கனம் 3.2க்குப் பதில் 2.5 என்பதால் தொடர்பு தளர்ந்துவிடும். மாற்றியதும் பயாஸில் தேதி போட்டுச் சேமியுங்கள். லேப்டாப்பில் பேட்டரி ஒயரோடு இருக்கலாம். பழையதைக் கையில் கொண்டுபோய் அதே முனை வாங்குங்கள்.

நேரம் மிகச் சரியாக ஐந்தரை மணி மட்டும் தள்ளியிருந்தால் இரண்டுமே வேண்டாம். காட்பாடியில் அறை எடுத்துத் தங்கும் கல்லூரிப் பிள்ளைகள் விண்டோஸும் லினக்ஸும் (இன்னொரு இயங்குதளம்) சேர்த்துப் போட்ட கணினிகளில் இது வரும். லினக்ஸ் உள்கடிகாரத்தை உலகப் பொது நேரமாகவும், விண்டோஸ் இந்திய நேரமாகவும் படிப்பதே காரணம். லினக்ஸையும் உள்ளூர் நேரமாகப் படிக்கச் சொல்லிவிடுங்கள்.