சுகர் உள்ளவங்களுக்கு பல் எடுத்த குழியில எலும்பு வளர: பிஆர்பியா, பிஆர்எஃபா, எலும்புப் பவுடரா?

அம்மாவுக்கு கீழ்க்கடவாப்பல் எடுத்தாச்சு, பின்னாடி இம்ப்ளாண்ட் (எலும்புல பதிக்கிற செயற்கைப் பல்லு) வைக்கணும்னா அந்த இடத்துல எலும்பு கரையாம நிக்கணும், ஆனா சுகர் வேற கெடக்கு. பாளையங்கோட்டையில டாக்டரம்மா மூணு வழி சொன்னாவ: எலும்புப் பவுடர், இல்லன்னா நம்ம ரத்தத்துலயிருந்தே தயார் பண்ணுத பிஆர்பி, பிஆர்எஃப். நாங்க பிஆர்எஃப் வச்சோம், அதனால என் சாய்வு அந்தப் பக்கந்தான், இப்பமே சொல்லிடுதேன்.

எலும்புப் பவுடர் பாட்டில்ல வரும், பெரும்பாலும் மாட்டெலும்பப் பக்குவம் பண்ணினது, செயற்கையா செஞ்சதும் உண்டு. இடத்தப் பிடிச்சு நல்லா நிக்கும், வெலதான் கூடுதல். அம்மா ஒரே வார்த்தையில முடிச்சிட்டாவ: "ஏட்டி, மாட்டெலும்பையா என் வாயில வைக்கச் சொல்லுத?"

பிஆர்பி, முடி கொட்டுறதுக்கு ஸ்கின் கிளினிக்ல போடுதாங்கல்லா, அதேதான். நம்ம ரத்தத்த எடுத்து, உறையாம இருக்க மருந்து கலந்து, பெரும்பாலும் ரெண்டு தடவ மெஷின்ல வச்சு சுத்தி, பொறவு கால்சியம் குளோரைடு மாதிரி ஒண்ணச் சேத்து உறைய வைக்கணும்.

பிஆர்எஃப்ல இந்தக் கூத்தெல்லாம் கெடயாது. 2001ல பிரான்ஸ்ல ஷோக்ரூன்னு ஒரு டாக்டர் கொண்டு வந்த முறை. கையில ஊசி போட்டு சின்ன ட்யூப்ல ரத்தம் எடுத்தாவ, அந்தானிக்கு மெஷின்ல வச்சு, நிமிஷத்துக்கு 2700 சுத்து வேகத்துல 12 நிமிஷம், அவ்ளோதான். வெளிய எடுத்தா அடியில செவப்பு, மேல வெளிர்மஞ்சத் தண்ணி, நடுவுல இளம் நுங்கு மாதிரி ஒரு கட்டி. அத இடுக்கியில தூக்கி, ஒட்டியிருந்த செவப்ப நறுக்கி விட்டுட்டு, குழிக்குள்ள வச்சு அமுக்கித் தையல் போட்டாவ.

சரி, ரெண்டும் நம்ம ரத்தந்தானே, எதுக்கு பிஆர்எஃப்? எனக்கு முடிவு பண்ண வச்சது ஒண்ணே ஒண்ணு, எவ்ளோ நாள் வேல செய்யும்கிறது. தட்டணுக்குள்ள (ரத்தம் உறைய உதவுத சின்ன அணு, பிளேட்லெட்) இருக்க வளர்ச்சிக் காரணிகள்தான் புது ரத்தக்குழாயையும் எலும்பு கட்டுற செல்லையும் கூப்பிட்டு விடுது. பிஆர்பில அதுல பெரும்பகுதி முதல் நாளுக்குள்ளயே வெளிய வந்துரும். பிஆர்எஃப்ல ஃபைப்ரின் (ரத்தம் உறையும்போது உண்டாகுத நார்) வலைக்குள்ள மாட்டிக் கெடக்கதுனால ஒரு வாரத்துக்கு மேல பைய பைய கசியும். சுகர் இல்லாதவங்களுக்கு இது பெருசா தெரியாம போகலாம், ஆனா சுகர்க்காரங்களுக்கு ரத்தக்குழாய் முளைக்கதே லேட்டு, எலும்பு செல்லும் மந்தமாதான் வேல பாக்கும், கிருமி வந்தா லேசுல போகாது, அப்படிப்பட்ட எடத்துல முதல் நாளே எல்லாத்தையும் கொட்டித் தீத்துட்டா பொறவு யாரு வேல பாப்பா? வெள்ளணுவும் அந்தக் கட்டிக்குள்ளயே இருக்கது கூடுதல் லாபம்.

ஆனா பிஆர்எஃப் மட்டும் வச்சா ரெண்டு வாரம் போல அதுவே கரைஞ்சிரும், எடத்தத் தாங்கிப் பிடிக்காது. குழி பெருசுன்னா பவுடரோட கலந்துதான் வைக்காங்க, அதுல எங்களுக்கு அனுபவம் இல்ல. அம்மாவுக்குப் புண்ணு நல்லா மூடிட்டு, இம்ப்ளாண்ட் இனிமேத்தான், எலும்பு எவ்ளோ வந்திருக்குன்னு ஸ்கேன்லதான் தெரியும். சுகர் இருக்கும்போது இது எப்படி வேல செய்யும்கிற ஆராய்ச்சியும் நெறைய எலியிலயும் முயல்லயுந்தான், மனுசங்கள்ல சின்னச் சின்னதா தான் பாத்திருக்காங்க. எத வச்சாலும் ஹெச்பிஏ1சி (ரெண்டு மூணு மாச சராசரி சுகர் அளவு) ஏறிக் கெடந்தா பிரயோசனம் இல்லன்னு டாக்டரம்மாவே சொல்லி, சுகரக் கொறச்ச பொறவுதான் பல்லுல கை வச்சாவ.

ரத்தம் உறையாம இருக்க மாத்திர சாப்பிடுதவங்க மொதல்லயே சொல்லிருங்க, கட்டி சரியா பிடிக்காம போகலாம். பொறவு, மெஷின் அந்தக் கிளினிக்லயே இருக்கான்னு கேட்டுக்கோங்க, வெளி லேபுக்குக் குடுத்து விட்டா சுத்துறதுக்கு முன்னாடி வழியிலயே உறைஞ்சிரும்.