லோ கிரேடு டிஸ்பிளேசியா: கண்காணிப்பதா, சுட்டு நீக்குவதா?

அப்பாவின் பயாப்சி அறிக்கையில் ‘பாரெட் உணவுக்குழாய், லோ கிரேடு டிஸ்பிளேசியா’ என்று வந்தபோது மருத்துவர் இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, தொடர்ந்து எண்டோஸ்கோபி செய்து கண்காணிப்பது. மற்றது, ரேடியோ அலை வெப்பத்தால் உணவுக்குழாயின் மாறிய உட்படலத்தைச் சுட்டு நீக்குவது. நாங்கள் சுடுவதைத் தேர்ந்தோம்.

வயிற்று அமிலம் ஆண்டுக்கணக்கில் மேலேறி, உணவுக்குழாயின் உட்படலம் குடல் படலத்தைப் போல மாறுவதே பாரெட். அந்தப் படலத்தின் செல்கள் புற்றுநோயை நோக்கி மாறத் தொடங்குவது டிஸ்பிளேசியா; மாற்றம் குறைவென்றால் லோ கிரேடு, அதிகமென்றால் ஹை கிரேடு. டிஸ்பிளேசியா இல்லையென்றால் கண்காணிப்பே போதும். ஹை கிரேடு என்றால் பொதுவாகச் சிகிச்சைதான். குழப்பமெல்லாம் இடையிலுள்ள லோ கிரேடில்தான்.

எந்த வழியானாலும், முதலில் ஸ்லைடுகளை இன்னொரு அனுபவமிக்க நோயியல் மருத்துவரிடம் காட்டுங்கள். அழற்சி கண்ட செல்களும் டிஸ்பிளேசியா போலவே தோன்றும். 2010இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், லோ கிரேடு என்று குறிக்கப்பட்ட 147 பேரின் மாதிரிகளை நிபுணர்கள் மறுபடி பார்த்தபோது, 85 சதவீதம் பேருக்கு லோ கிரேடு உறுதியாகவில்லை. அப்பாவுக்கு மறுபார்வையிலும் அதே முடிவுதான்.

உறுதியான லோ கிரேடு உள்ள 136 பேரிடம் ஐரோப்பாவில் நடந்த ஆய்வு 2014இல் வெளியானது. மூன்றாண்டுத் தொடர்பார்வையில், கண்காணிப்பில் இருந்தோரில் 26.5 சதவீதம் பேருக்கு ஹை கிரேடோ புற்றுநோயோ வந்தது. சுட்டவர்களில் 1.5 சதவீதம்தான். சுட்டவர்களில் எட்டில் ஒருவருக்கு உணவுக்குழாய் சுருங்கியது உண்மைதான். ஆனால் அதை எண்டோஸ்கோபி வழியே விரித்துவிடலாம்.

எங்களை முடிவெடுக்க வைத்தது பின்தொடர் பரிசோதனைதான். கண்காணிப்பு என்றால் ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், பிறகு ஆண்டுதோறும் எண்டோஸ்கோபி. ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் நாலு பக்கமும் சதைத் துணுக்கு எடுப்பார்கள். பாரெட் தனியாக வலிப்பதில்லை. நெஞ்செரிச்சல் மாத்திரையில் அடங்கியதும் “எனக்கு ஒன்றுமில்லை, விடு” என்பவர் அப்பா. அவர் ஒரு தவணையைத் தவறவிட்டால், மாறிய படலம் முழுதும் உள்ளேயே இருக்கும். சுட்ட பிறகும் பரிசோதனை ஓய்வதில்லை. அமிலத்தை அடக்கும் மாத்திரையும் தொடரும். ஆனால் தவணைகள் தள்ளிப்போகின்றன: முதலாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு, பிறகு இரண்டாண்டுக்கு ஒருமுறை. அவற்றில் ஒன்று தவறினாலும், கண்காணிப்பில் தவறுவதைவிட ஆபத்து குறைவு.

நீக்கிய படலம் திரும்பவும் முளைப்பதுண்டு. அப்பாவுக்கு முதல் பரிசோதனைதான் முடிந்திருக்கிறது, அதில் இல்லை. அதற்குமேல் எங்கள் அனுபவம் போகாது. முதுமையோடு தீவிர இதயநோயும் உள்ளவருக்கு நானும் கண்காணிப்பையே சொல்வேன்.