3,800 ரூபாய் கார் அலாரம், ஒன்றரை வருடம் கழித்து

செகண்ட் ஹேண்டில் ஒரு மாருதி வாங்கினேன். வீட்டில் பார்க்கிங் கிடையாது, தெருவில்தான் நிறுத்த வேண்டும். அந்தப் பயத்திலேயே மறுநாள் ஒரு ஆக்சசரீஸ் கடைக்குப் போய் (பெயர் வேண்டாம்) 3,800 ரூபாய்க்கு அலாரம் மாட்டிக்கொண்டு வந்தேன். சைரன், ஷாக் சென்சார், இரண்டு ரிமோட். "இம்மொபிலைசரும் சேர்த்துதான் சார், எவனாலும் ஸ்டார்ட் பண்ண முடியாது" என்றார் கடைக்காரர்.

ஏமாந்தது அந்த வார்த்தையில்தான். நிஜ இம்மொபிலைசர் என் காரில் கம்பெனியிலிருந்தே இருந்திருக்கிறது. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் பேட்டரியே இல்லாத ஒரு சின்னச் சிப். சாவி போடும் இடத்தைச் சுற்றி இருக்கும் கம்பிச்சுருள் அதை உசுப்பி, அதன் குறியீட்டைப் படிக்கும். அது பொருந்தினால்தான் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூ அதை ஓட விடும். மாருதி இதற்கு ஐகேட்ஸ் என்று பெயர் வைத்திருந்தது. தெருமுனையில் வெட்டும் சிப் இல்லாத டூப்ளிகேட் சாவி கதவைத் திறக்கும், அவ்வளவுதான், இன்ஜின் ஓடாது. உங்கள் காரில் இருக்கிறதா என்று சந்தேகமா? டாஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் மேனுவலைப் புரட்டுங்கள். நான் புரட்டவில்லை.

கடைக்காரர் சொன்ன 'இம்மொபிலைசர்' வெறும் ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தில் இயங்கும் ஒரு சுவிட்ச். ஸ்டார்ட்டருக்குப் போகும் ஒயரை வெட்டி, நடுவில் ரிலேயைப் போட்டு, முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள். எட்டாவது மாதம், நல்ல மழையில், பரனூர் டோல் தாண்டி டீ குடிக்க நிறுத்தினேன். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் 'டொக்' சத்தம்கூட இல்லை. பேட்டரிதான் போச்சு என்று யாரோ ஒரு புண்ணியவானிடம் ஜம்ப் ஸ்டார்ட் கேட்டு அரை மணி நேரம் மாரடித்த பிறகு, பக்கத்து ஊர் மெக்கானிக் வந்து டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு அந்த ஜாயின்ட்டை இழுத்தார். செம்பு பச்சை பூத்துக் கையோடு வந்தது. ரிலேயைக் கழற்றிவிட்டு ஒயரை நேரடியாகச் சேர்த்தார், வண்டி ஒரே திருப்பில் ஸ்டார்ட்.

சைரன் கதை தனி. ஷாக் சென்சார் லாரி போனால் அலறும், இடி இடித்தால் அலறும், பானெட்டில் பூனை குதித்தால் அலறும். தீபாவளி அன்று என்ன நடந்தது என்று சொல்லவே வேண்டாம். சென்சாரிலேயே உணர்திறனைக் குறைக்க ஒரு சின்னத் திருகு இருக்கிறது என்பதை மாட்டியவர் சொல்லவில்லை, நானே மூன்று மாதம் கழித்துக் கண்டுபிடித்தேன். அதற்குள் தெருவுக்கே பழகிவிட்டது. அலாரம் அடித்தால் ஒரு ஜன்னலும் திறப்பதில்லை.

இன்னொன்று, வண்டியை எடுக்காமல் ரொம்ப நாள் நிறுத்துபவர்களுக்கு. அலாரம் எப்போதும் கொஞ்சம் மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். காரின் சொந்தச் செலவையும் சேர்த்து 50 மில்லியாம்ப் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர், 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி ஒரு மாதத்தில் காலி. உண்மையில் அதற்கு முன்பே ஸ்டார்ட்டர் திணறும்.

சரி, இன்சூரன்ஸில் தள்ளுபடி கிடைக்குமே என்று கணக்குப் போட்டவனும் நான்தான். நம் காருக்கே ஆகும் சேதம், திருட்டுக்கான (ஓன் டேமேஜ்) பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய், அதுவும் வாகனங்களைச் சோதித்துச் சான்று தரும் ஏஆர்ஏஐ அமைப்பின் அங்கீகாரம் பெற்ற கருவிக்குச் சான்றிதழ் இருந்தால்தான். என் டப்பாவில் அப்படி ஒன்றும் இல்லை.

5க்கு 2 தருகிறேன், இரண்டுமே ரிமோட்டில் கதவு பூட்டுகிற சுகத்துக்கு. உங்கள் சாவியில் சிப் இருந்தால் இதை வாங்காதீர்கள், கியர் லாக் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் இரண்டாவது சாவியைப் பத்திரமாக வையுங்கள், கார் திருட்டுப்போனால் கிளெய்முக்கு இரண்டையும் கேட்பார்கள். சிப் இல்லாத பழைய வண்டி என்றால் அலாரம் வாங்கலாம், ஆனால் ஒயரை வெட்டாமல் கப்ளரில் (ஒயர்களை இணைக்கும் பிளக்கில்) மாட்டுகிற செட்டாகக் கேளுங்கள். கடைக்காரர் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்று கட்டிங் பிளேயரை எடுத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.