சிவப்புக் கோட்டுச் சிப்பாய்: தஞ்சை ஓவியமா, லவெட் ஓவியமா?

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துத் தஞ்சை ஓவியர்கள் சென்னைப் படைச் சிப்பாயைப் பெரும்பாலும் மனைவியோடு நிறுத்தி வரைந்தார்கள். மேலே ஆங்கிலேயரின் சிவப்புக் கோட்டு. கீழே தொடையளவுக் கால்சட்டை, வெறுங்கால், செருப்பு. தலையில் தலைப்பாகை. அந்தத் தலைப்பாகையை மாற்றப்போய்த்தான் 1806-இல் வேலூர்க் கோட்டை கொதித்தது!

பிரிட்டிஷ் அதிகாரி ஏ.சி. லவெட் இந்தியப் படைவீரர்களை வரைந்த நீர்வண்ண ஓவியங்கள் 1911-இல் நூலாக வெளிவந்தவை. சீக்கியர், பட்டாணியர், கூர்க்கா என்று இன வாரியாகப் பிரித்த கண் அதில் தெரிகிறது. முகங்களுக்கு உயிர் உண்டு. தஞ்சைச் சிப்பாய்களோ ஒரே அச்சில் வார்த்தவர்கள்.

சீருடை ஆய்வுக்கு லவெட் போதும். எனக்குப் பிடித்தது தஞ்சை ஓவியம்தான்: பக்கத்தில் புடவையோடு அவள் நிற்கிறாளே.